வெறும் தூக்குப்போசி

என் மாமாவுக்கு,

நீங்கள் கண்மூடி ஒன்பது மாதம் ஆகிறது. நாமக்கல்லில் வெயில் வழக்கம்போலத்தான். எனக்குத்தான் போன மாதம் பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பயப்படாதீர்கள், மாவுக்கட்டு போட்டாயிற்று. பெங்களூரிலிருந்து மகள் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

கோழிப்பண்ணையில் வேலை பார்த்தபோது வாராவாரம் இரண்டு அட்டை முட்டை வாங்கி வருவீர்களே, நல்லதெல்லாம் தெருவுக்கு, கீறல் விழுந்தது நமக்கு. "ஊருக்கெல்லாம் நல்லது, பொண்டாட்டிக்கு ஒடஞ்சதுங்களா?" என்று நான் முணுமுணுக்காத வாரமில்லை. புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லிவிட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "நமக்கு வேண்டாம்னு ஒதுக்குனதக் குடுத்தா அது தானமா சாமி? அவங்க வாங்கிக்கிறதே நமக்குப் பண்ற ஒத்தாசை" என்பீர்கள். வாங்குகிறவர் எப்படி ஒத்தாசை பண்ண முடியும்? சத்தியமாக எனக்குப் புரிந்ததில்லை.

மகள் பஸ் ஏறிய அன்றைக்கே எதிர்வீட்டு நூர்ஜகான் தூக்குப்போசியில் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். நான் யாரிடமும் கைநீட்டாதவள், உங்களுக்குத் தெரியாததா? வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் போசியைக் கழுவி, சர்க்கரையோ தேங்காயோ போட்டு அரைமணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். பத்து நாள் இப்படியே ஓடியது. யாருக்கும் கடமைப்படவில்லை என்று ஒரு வீம்பு.

பதினோராம் நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பன்னும் டீயுமாக ஓட்டினேன். மூன்றாம் நாள் அவளை வாசலில் பார்த்ததும் என்ன கோபமென்று கேட்டுவிட்டேன்.

"நானென்ன கடைக்காரிங்களா அக்கா? வாங்குன கையோட நீங்க திருப்பிக் குடுக்கறப்ப, இனிமே வராதன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க" என்றாள். "அண்ணன் குடுத்த முட்டையத் தின்னுதான் என்ற புள்ளைங்க வளந்துச்சுங்க. நாங்க ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொன்னமுங்களா?"

அழுதுவிட்டேன் மாமா. அன்று மதியம் அவள் கொண்டுவந்த பருப்புச் சோற்றை அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். போசியைக் கழுவக்கூட இல்லை, வெறுமையாகவே நீட்டினேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்காமல் பத்து நாள் பிடித்து வைத்திருந்தேனே என்று வெட்கமாகப் போயிற்று. நீங்கள் சொன்ன ஒத்தாசை இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காகத்தான், நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், இந்த இடதுகைக் கோழிக்கிறுக்கலில்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முப்பது வருஷத்தில் உங்களிடமாவது எதையாவது கேட்டேனா? காய்ச்சலில் கிடந்தபோதுகூட, கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்படிக்கு வந்தவரை விரட்டி அனுப்பினேன். எத்தனை ஆசையாக வந்தீர்களோ.

ஒற்றைக் கையால் தலை பின்ன முடியவில்லை. விழுந்ததிலிருந்து கோணல் கொண்டைதான். நாளைக் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவேன். "தலை வாரி விடு சாமி" என்று வாய்விட்டுக் கேட்பேன். உங்களிடம் கேட்காததை அவளிடம் கேட்பேன், இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள், வீட்டுக்காரி,
சரசு