ரெண்டு தடவை சொன்னேன்

கோயம்புத்தூர்
11.7.2005

அன்புள்ள விசு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கக் கோபம் விடவில்லை.

‘இனி கத்தி செய்யப் போவதில்லை. குடும்பத்தோடு இருக்க வேண்டும். பட்டறையைக் காலி செய்துவிட்டேன்’ என்று மூன்று வரி எழுதிப் போட்டிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையதுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக நீ கத்தி செய்து தீட்டி அனுப்புகிறாய். நான் கைப்பிடி போட்டு ஹோட்டல் ஹோட்டலாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஊட்டி ஹோட்டல் சமையற்காரர் உன் கத்தியை வேறு யாரையும் தொட விடுவதில்லை. எல்லாவற்றையும் மூன்று வரியில் முடித்துவிடுவாயா?

தொழிற்சாலை விட்டு வந்தால் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில்தானே இருக்கிறாய்? துபாயிலா இருக்கிறாய்? கல்பகம் ஏதாவது கோபித்துக்கொண்டாளா?

குழந்தை ஹம்ஸினிக்கு என் ஆசிகள்.

உன்
பத்மநாபன்

*

ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்
18.7.2005

அன்புள்ள பத்து,

கல்பகம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ஹம்ஸினியின் பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன் வந்தது. கல்பகம் மல்காஜ்கிரி ஆபீசிலிருந்து வர இரண்டு மணி நேரமாகும் என்பதால் நான் போனேன். குழந்தை பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சீருடை நனைந்திருந்தது. டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தி, “எப்பவும் யூசுப் சார்தானே வருவாரு, நீங்க யாரு?” என்று தெலுங்கில் கேட்டார். யூசுப் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அன்று அவர் ஊருக்குப் போயிருந்தார்.

“அவளோட அப்பா” என்றேன்.

“அப்ப மாத்திரை கொண்டுவந்தீங்களா?”

“என்ன மாத்திரை?” என்று கேட்டேன், பத்து. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

என் மகளுக்கு வலிப்பு. மார்ச் மாதத்திலிருந்து. அன்று வந்தது நாலாவது தடவை. முதல் தடவை யூசுப்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். நான் பத்தடி தள்ளி ஷெட்டில் இருந்திருக்கிறேன். அதற்கப்புறம் மாத்திரை அட்டை எப்போதும் சாப்பாட்டு மேசைமேல்தான் இருந்ததாம்.

சாயங்காலம் கல்பகத்திடம் கத்தினேன். “ஏன் என்கிட்ட சொல்லலை?”

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “ரெண்டு தடவை ஷெட்டுக்கு வந்து சொன்னேன். ரெண்டு தடவையும் தலையை ஆட்டினேள். மூணாந்தடவை சொல்லத் தோணலை.”

சாணை ஓடும்போது காதில் பஞ்சு வைத்திருப்பேன். அவள் உதடு அசைந்தது நினைவிருக்கிறது. கடைக்குப் போவதாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாணையைப் பிரித்தேன்.

விசு

*

கோயம்புத்தூர்
25.7.2005

அன்புள்ள விசு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேதா என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தாள். “ஏன்னா, ஏப்ரல்ல நீங்க அவா ஆத்துலதானே தங்கியிருந்தேள்?” என்று கேட்டாள்.

ஆமாம். நாலு நாள். குழந்தை சாப்பிடும்போதே தூங்கி விழுந்தாள். நாம் இருவரும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து கத்திமுனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஹோட்டல்காரர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

பத்து

*

ராமச்சந்திராபுரம்
9.8.2005

அன்புள்ள பத்து,

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை என் கண் முன்னால். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்பகம் அவளை ஒருக்களித்துப் பிடித்தாள். சத்தம் கேட்டு யூசுப் ஓடிவந்தார். “சார், வாயில ஒண்ணும் வைக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க, அது போதும்” என்றார். பார்த்தேன். ஒன்றரை நிமிஷம். அவ்வளவு நீளமான ஒன்றரை நிமிஷம் உண்டென்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தவள் முதலில் யூசுப்பைத் தேடினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

“ஷெட்டுக்குப் போகலையா, அப்பா?”

“இல்லம்மா. இனிமே போக மாட்டேன்.”

“நிஜங்கா?” என்று தெலுங்கில் கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. யூசுப்பின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

கல்பகம் இன்னும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். நான் அழைத்துப் போகிறேன் என்றேன். சரி என்றாள். எந்த மாடி, எந்தக் கதவு, எந்த நர்ஸைக் கேட்க வேண்டும் என்று யூசுப்பிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
விசு