யாரு பிள்ளை என்று கேட்டவள்

என் அக்காவுக்கு,

அங்கேயும் யார் வாயிலாவது கரண்டியை வைத்துக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைக் கேள். உன் மகன் பிச்சை நேற்றுவரை என்னோடு பேசவில்லை. ஆமாம், 'உன் மகன்' என்று எழுத்திலேயே போட்டுவிட்டேன். அந்தக் கிழவிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்ற நம்பிக்கைதான்.

ஈப்போ ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு ஞாபகம் இருக்கிறதா? "வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி காட்டாதே" என்ற தோட்டத்து லயத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டு இரண்டைப் பறிகொடுத்தவள் நீ. மூன்றாவது இவன். கண் குழிந்து, உச்சிக்குழி அமுங்கி, வாயைத் திறந்து அழுகிறான்; ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வரிசையாக எல்லாத் தொட்டில்களிலும் அதே நனையாத அழுகை.

"பிள்ளைக்கு அம்மா யாரு?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது மிஸ்ஸி. என் தம்பி எங்கேருந்தோ தூக்கிட்டு வந்தான்" என்றாய் நீ, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

உன்னுடையது என்று வாயால் சொன்னால், முன்பு வந்து இரண்டையும் கொண்டுபோனதற்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று உனக்குப் பயம். பிச்சை என்று பேர் வைத்ததும் அதற்குத்தானே. கல்யாணமாகாத நான் அந்த நிமிடமே தகப்பனானேன். மிஸ்ஸி என்னைத் திட்டித் திட்டித் துணி அலச வைத்தாள். செய்தி பாகான் செராய்வரை போய், எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் ஒரு கும்பிடு போட்டு விலகினார்கள். அந்தப் பெண் பிழைத்தாள், விடு.

அன்று மத்தியானம்தான் மருந்து நெடிக்கு நடுவே ஒட்டுப்பால் நாற்றம் வந்தது. மரத்தில் காய்ந்த ரப்பர் பாலின் அந்தப் புளித்த நாற்றம். பால்மரம் வெட்டப் போகும் முழுக்கைச் சட்டையில் ஒரு கிழவி. ஒவ்வொரு தொட்டிலிலும் நின்று கேட்டாள்: "இது யாரு பிள்ளை?"

உப்புச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்த நீ நிமிரவே இல்லை. "தெரியாது லா, பாட்டி."

அடுத்த தொட்டிலில் சிலிம் ரிவரிலிருந்து வந்த சின்னப் பெண். சிரித்தபடி, "எம்புள்ளதான் பாட்டி, தலைச்சன்" என்றாள்.

மறுநாள் காலியான அந்தத் தொட்டிலின் ரப்பர் விரிப்பைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள்.

அந்தக் கிருமிக்கு இப்போது ரோட்டா என்று பேராம். வண்டிச் சக்கரம் மாதிரி இருக்குமாம், எங்கள் தெரு டாக்டர் சொல்கிறார். சக்கரம் என்றால் சந்தோஷம்தான். சக்கரம் வாய் திறந்து கேட்குமா அக்கா? இவனைக் காப்பாற்றியது உன் கரண்டியா, உன் பொய்யா?

நம் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு எவ்வளவு காலமாகிறது! உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்த அன்று, புந்தோங் வீட்டில் அந்த நாற்றத்துக்கு என்ன வேலை? அதே முழுக்கைச் சட்டை. கிழவிக்கு ஒரு நரைகூட அதிகமாகவில்லை. எனக்குத்தான் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியருகே நின்ற மீசை அரும்பிய பிச்சையை நெருங்கினாள்: "நீ யாரு பிள்ளைப்பா?"

அவன் வாய் திறப்பதற்குள் நான் கத்தினேன்: "யாருக்குத் தெரியும்? சோத்துக்கு வந்து நிக்கிற பய!"

கிழவி போய்விட்டாள். கூட்டம் என்னைப் பார்த்தது.

"அம்மா செத்த அன்னிக்குமா மாமா வெளையாட்டு?" என்றான் பிச்சை. "அவங்கதான் கடைசிவரைக்கும் என்னைத் தன் புள்ளன்னு சொல்லல. நீங்களுமா?"

நேற்று போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "ஒரு வாட்டியாவது சொன்னாங்களா?" என்றான்.

சொன்னாய் அக்கா. அவன் தேறிய காலையில் கன்னத்தில் முதல் சொட்டு உருண்டது. அதைக் கட்டைவிரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புக் கரிக்குதுடா தம்பி" என்றாய். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, "எம்புள்ள, எம்புள்ள" என்றாய். வெளியே நனைந்த துணிகளோடு நின்ற எனக்குக் கேட்டது.

இதையும் சொன்னதும் பிச்சை எழுந்து குளியலறைக்குள் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவன் சொன்னதை நான் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்.

இனி வாசலில் ஒட்டுப்பால் நாற்றம் வந்தால், கதவைத் திறக்கப் போவது நான்தான். நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
யார் கேட்டாலும் உங்கள் இருவரையும் தெரியாது என்று சொல்லப்போகிற,
உன் கூடப்பிறந்த தம்பி