ஈடித்துக்கு பேக்கர்ஸ் டிக்கெட்

டேல்,

நீ எழுந்திருக்குமுன் நான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஈடித்துக்குப் பால் ஃபிரிட்ஜில், மேல்தட்டில் இருக்கிறது. மேட்ச் பார்க்க உன் அண்ணன் வந்தால், சாசேஜை முதலில் பீரில் வேகவைத்து, அப்புறம் சுடு. போன வாரம் கரியைத்தான் தின்றோம்.

நேற்று நீ சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் கிரீன் பே ஊர் ஃபுட்பால் டீமான பேக்கர்ஸின் சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் நம் கைக்குழந்தை ஈடித்தின் பெயரையும் கொடுத்துவிட்டாய், என்னைக் கேட்காமலே. "முப்பது வருஷத்துல கிடைச்சிடும்டி! அதுக்குள்ள நீயும் உங்க ஊர் பேர்ஸ் டீமை விட்டுட்டு எங்க பக்கம் வந்துடுவே" என்று சிரிப்பு வேறு.

நான் சிகாகோக்காரி, பேர்ஸ் ரசிகை, கேலியைத் தாங்குவேன். ஆனால் குழந்தை பிறந்ததும் என் அம்மா இருக்கும் சிகாகோவுக்கே போய்விடலாம் என்று சொன்னது நீதானே? இனி முப்பது வருடம் இந்த கிரீன் பேயில்தான் என்றால், அந்தப் பேச்சு என்ன ஆயிற்று? பெயரை எடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்.

ரெனாட்டா

பி.கு.: ஈடித் தலையில் இருப்பது பேர்ஸ் தொப்பிதான். வீடு குளிர்கிறது. உன் அண்ணன் என்ன கத்தினாலும் கழற்றாதே.