நெட்டைக்கொக்கின் அளவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் மாமாவும் மாமியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், இப்போதைக்கு நலம் என்றால் அதுதான், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். இது தபாலில் வராது. பல் வைத்தியரின் மனைவி தன் அக்காவைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்து போடச் சொன்னால் நாளைக்கு என்கிறார். மாமா விஷயம் உன் காதுக்கு அரையும் குறையுமாக வந்திருக்கும், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

பாலத்தில் குண்டு வெடித்ததே, அதை வைத்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரியாததாலேயே மேலே இருப்பவர்களுக்கு நம் மொழி பேசுகிற எல்லார் மேலும் பயம் வந்துவிட்டது. முதலில் நம் எழுத்தில் இருந்த பெயர்ப்பலகைகளை இறக்கச் சொன்னார்கள், அப்புறம் நம்மவர்கள் ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்றார்கள், அப்புறம் வீடு, கடை என்று தேட ஆரம்பித்தார்கள். மாமாவின் தையல் கடையில் கிடைத்தது அவருடைய அளவு நோட்டு. நம் எழுத்தில் இருக்கிறது, வரிக்கு வரி எண்கள், வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் மாமா வைத்த பட்டப்பெயர், வேறென்ன வேண்டும், ரகசியக் குறிப்பு என்று முடிவுகட்டி, மெஷினில் இருந்த துணியைக்கூட எடுக்கவிடாமல் அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் நகராட்சி அலுவலகத்துக்கு என்னைத் தேடி ஆள் வந்தது. பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இரண்டு மொழியிலும் எழுதுகிறவள் என்பதால் நோட்டைப் படித்துச் சொல்ல நான்தான் வேண்டுமாம். நான் மாமாவுக்கு அக்கா என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நானாக வாயைத் திறக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உயரமான அதிகாரி, கதவருகே இரண்டு காவலர்கள். வலது தோள் இறக்கம் என்று ஒரு வரியைப் படித்தேன், அது என்ன சமிக்ஞை என்று கேட்டார். தபால்காரருக்குப் பை சுமந்து சுமந்து தோள் சரிந்துவிட்டது, அதற்குத் தகுந்தபடி துணி வெட்ட வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, "இந்தப் பேரு நாலு இடத்துல வருது. இவன்தான் தலைவனா இருக்கணும். யாரு?" என்றார். பார்த்ததும் எனக்கு ஆள் புரிந்துவிட்டது. நெட்டைக்கொக்கு, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்தாறு, இடது தோள் அரை அங்குலம் இறக்கம், பஞ்சு வைக்கவும். எதிரே இருந்தவருடைய சீருடையை நான்கு தடவை தைத்தது மாமாதான். வேறு யாரையாவது சொன்னால் அந்த ஆளைப் பிடித்துவருவார்கள். "அது நீங்கதாங்க ஐயா," என்றேன்.

ஒரு காவலர் சிரிப்பை இருமலாக்கினார். அதிகாரி இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மேஜையில் மாமாவின் அளவு நாடாவும் சாட்சிப்பொருள் என்று சீட்டு ஒட்டிக் கிடந்தது. அளந்து பார்த்துக்கொள்ளலாமே என்றேன், எங்கிருந்து வந்த துணிச்சலோ. எழுந்து நின்றார். மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்தாறு. தோளில் நாடாவை வைத்தபோது அவர் உடம்பு நடுங்குவது என் விரலில் தெரிந்தது. "நான் நம்புறேம்மா. ஆனா நான் நம்பிட்டேன்னு தெரிஞ்சா, மேல இருக்கறவங்க என்னை நம்ப மாட்டாங்க," என்றார், காதோடு சொல்வதுபோல. அவருக்கு மேலே இருப்பவரும் இப்படித்தான் யாரையோ நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பார் போல, அத்தனை பேர் நடுக்கமும் வந்து விழுவது நம் தலையில்.

பதினோராம் நாள் மாமாவை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை, கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்கிறார், மாமி இப்போதெல்லாம் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துதான் பேசுகிறாள். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை என்னை மறுபடி கூப்பிட்டு, தபாலில் பிடித்து வைத்த நம்மவர்கள் கடிதங்களை வாரத்தில் இரண்டு நாள் வந்து படித்துச் சொல்லச் சொன்னார் அதே அதிகாரி. குவியலின் மேலேயே உன் கையெழுத்து. மழை விடவில்லை, ஆனாலும் சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதன் கீழே, நம் எழுத்து அரைகுறையாகத் தெரிந்த யாரோ போட்ட சிவப்புக் கோடு. என்ன மழை என்று கேட்டார். மழைதான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "எம் பொண்ணு எனக்கு எழுதினதை உங்களுக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன், மத்தவங்க பிள்ளைங்க எழுதினதையும் படிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாளே வேலை நீக்க உத்தரவு வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இனி காலையில் தன்னை அவசரப்படுத்த ஆளில்லை என்று சிரித்தார், பிறகு அதை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு வெளியே போகாதே. தபாலில் எதுவும் போடாதே, ஆனால் எழுதுவதை நிறுத்தாதே, நம் மொழியிலேயே எழுதித் தேதிவாரியாகக் கட்டி, பல் வைத்தியரின் மனைவி திரும்பும்போது கொடுத்துவிடு, அவள் அவர்கள் மொழிக்காரி, அவள் பையைத் திறக்க மாட்டார்கள். இன்னொன்று. விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் நம்மவர்களைத் தனியாக நிறுத்திப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நீ வராதே அம்மா. இந்த ஒரு வரியை எழுத மனம் வராமல்தான் இத்தனை பக்கம் எழுதினேன். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, குறைவில்லாமல், நீண்ட ஆயுளோடு இரு.

உன்னைப் பார்க்க ஆசைப்படும்,
அம்மா