இரண்டு மணிக்கு அடிக்கும் நெஞ்சு

செஞ்சி, 6-4-1964

எனக்குச் சர்க்கரை வியாதியாம். புது டாக்டர், வயது முப்பது இருக்காது, மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். "காலைல ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டோட ஒண்ணு, நைனாரே." சமணன் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஏது? பொழுது சாய்வதற்குள் அடுப்பை அணைத்துவிடுவோம். இதையெல்லாம் இந்தப் பட்டணத்துப் பொடியனுக்கு விளக்க வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்து? ராத்திரி என்றால் ராத்திரி. படுக்கப் போகையில், ஒன்பது மணிக்கு, ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். மருந்துக்குத் தோஷமில்லை.

11-4

இரண்டு மணிக்கு விழிப்பு. நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. வேட்டி முழுக்க வேர்வை, கை நடுக்கம். இதென்ன — சாவா?

15-4

இன்றோடு மூன்று ராத்திரி. ஊரில்தான் எத்தனை வைத்தியர்கள்! பக்கத்துத் துணிக்கடை ஜெயராமன்: "வாயு. பெருங்காயத்த மோர்ல கரைச்சுக் குடி." நாள் முழுக்க ஏப்பம் விடுகிற ஆள் சொல்கிறான். பாத்திரம் தேய்க்க வரும் பூவாயி: "உச்சி வெயில்ல கோட்டைக்குப் போனீங்களே, அங்க இன்னாவோ தொட்டுருக்குது." தினம் அங்கே ஆடு மேய்க்கிறவனை அது தொடாதோ? மைத்துனன் ஆதிநாதன்: "கடைக் கவலை மாமா. என்கிட்ட வுட்டுடுங்க." அண்டாவுக்கும் குண்டானுக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக்கு என் பாத்திரக் கடை வேண்டுமாம்.

மனைவி மருதேவியும் விடவில்லை. "மாத்திர போட ஆரமிச்சதுலேர்ந்துதாங்க இப்டி." மூன்றாம் வகுப்பு படித்தவள் சொல்கிறாள்! போய் வேலையைப் பார் என்றேன்.

19-4

பாவி! ராத்திரியில் சாப்பிடாத என் நாற்பது வருஷ விரதத்தை மருதேவி கெடுத்துவிட்டாள். நேற்று ராத்திரி எழுந்து உளறினேனாம், கண் செருகியதாம். வெல்லத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக என் வாயில் விட்டிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தேன், நெஞ்சும் அடங்கிவிட்டது. ஆனால் நாக்கில் தித்திப்பு. நடுராத்திரியில்! கத்தினேன். "உபவாசத்துல மயங்கறவங்களுக்கு விடிஞ்சதும் இதானே குடுப்போம். விடியற வரைக்கும் பார்த்துனு இருக்கச் சொல்றீங்களா?" என்றாள். இருந்திருக்கலாமே! இனி இவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன்.

20-4

ஆதிநாதன் இழுத்துப் போனான். டாக்டர், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டார். அஞ்சரைக்கே முடிந்துவிடும் என்றேன். "மாத்திரை?" "ஒன்பதுக்கு." தலையில் கை வைத்துக்கொண்டார். காலி வயிற்றில் போன மாத்திரை, ரத்தத்தில் இருந்த சர்க்கரையையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. வெல்லக் கதையை ஆதிநாதன் சொன்னான். "அந்தம்மா வெல்லம் குடுக்கலைன்னா நீங்க இல்ல. இனிமே சாயங்காலச் சாப்பாட்டோட போடுங்க."

ராத்திரி சாப்பிடமாட்டேன் என்று முதல் நாளே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் முட்டாள் என்று எழுதி வைத்திருக்கிறேன், என் பேரை மட்டும் விட்டுவிட்டு.

வீட்டுக்கு வந்தால் மருதேவி சாப்பிடவில்லை. மூன்று நாள் உபவாசமாம். என் விரதத்தைக் கெடுத்ததற்குப் பிராயச்சித்தம்.

27-4

ஒரு வாரமாக நெஞ்சு தொல்லை தரவில்லை. நேற்று இரண்டு மணிக்குப் பழக்கத்தில் விழித்தேன். மருதேவி விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, உட்கார்ந்தபடி என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு. வெல்லம்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. படு."

அவள் படுக்கவில்லை. காலையில் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.