உன் தொண்டையில் இருந்த கிருமி

இன்று காலை கல்மண்டபம் பக்கத்துப் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். என்னிடம் பேசுவதற்காக அவர் முகத்துணியைத் தாடைக்கு இறக்கினார். உடனே உன் அந்தக்காலக் குரல் என் காதில் கேட்டது: "மூக்கையும் சேத்து மூடுடி. மூச்சு வாயிலயா வுட்ற?"

அறுபதுகளின் கடைசியில் ராயபுரம் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் நர்சுகள். அலம்பி அலம்பி உன் கை மணிக்கட்டுவரை வெடித்திருக்கும். குழாய் வறண்ட நாளிலும் குடத்துத் தண்ணீரில் கை அலம்பாமல் எந்தத் தாயையும் நீ தொட்டதில்லை.

அப்படியிருந்தும் பிள்ளை பெற்ற இரண்டு பேருக்கு அடுத்தடுத்துக் குளிர்காய்ச்சல் வந்தது. ஒருத்தி சீக்கிரம் தேறிவிட்டாள். இன்னொருத்தி, முகத்துவாரக்குப்பத்துப் பெண், நினைவு தப்பிப் பிதற்றினாள். டாக்டரம்மா நம் எல்லோர் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி உன்னிடம் இருந்தது. உனக்கோ ஒரு இருமல்கூட இல்லை.

பிரசவ அறைக்குள் வராதே என்றார்கள். கூடச் சாப்பிட்டவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். "நான் எதுல கொறை வச்சேன்?" என்று மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாய். ஆளுக்கு ஒரு முகத்துணிதான் கொடுத்திருந்தார்கள். வியர்வையில் நனைந்தும் அதையே நாள் முழுக்கக் கட்டியிருந்தோம். ஈரத்துணி எதையும் தடுக்காது என்பது பிறகுதான் புரிந்தது.

உனக்கும் பென்சிலின், அந்தக் குப்பத்துப் பெண்ணுக்கும் பென்சிலின். அவள் பிழைத்தாள். உன் தொண்டை சுத்தமாகிவிட்டது என்று தெரிந்த அன்றே, நாங்கள் தடுத்தும் கேட்காமல், அவள் கட்டிலருகே போய் நின்றாய்.

"ஒனக்குக் காய்ச்சல் எங்கிட்டருந்து வந்துருக்கும்மா."

அவள் உன்னையே பார்த்தாள். "வேணும்னா குடுத்தே? ஆனா செத்துப் பொயச்சேன். அத்த மறக்க மாட்டேன்." நீ தலை குனிந்தபடி நின்றாய். பிறகு அவளே சொன்னாள்: "புள்ள அயுவுது பாரு. தூக்கு."

கை அலம்பிவிட்டு வந்துதான் தூக்கினாய். கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றாய்.

அதற்குப் பிறகு நம் நர்சுப் பெண்கள் தொண்டை கரகரத்தால்கூட மறைக்காமல் வந்து சொன்னார்கள். போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடிவிட்டாய். நீ கொடுத்த தைரியம் என்னிடம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்பு, நான் வார்டுப் பொறுப்பில் இருந்தபோது, அந்தக் காய்ச்சல் ஒருமுறை மறுபடி தலைகாட்டியது. பஞ்சுக் குச்சியைக் கண்டதும் சின்னப் பெண்களின் முகம் வெளிறியது. அவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டு, முதல் ஆளாக நான் வாயைத் திறந்தேன்.