சாரத்தின் மேல் இரண்டு பொம்மைகள்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் மழை உண்டா என்று தெரியவில்லை. தாம்பரத்தில் ஒரு வாரமாக அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

உங்கள் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே புத்தகம் படித்துக்கொண்டிருந்தவன் இப்போது ஓவர்சியர். உயரம் என்றால் எனக்கு நாற்காலி வரைதான் பழக்கம். அக்கா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, "போ, ஆனா மழை வந்தா எறங்கிடு" என்றாள். மழை நாளில் நான் வீடு திரும்பும்வரை அவள் அடுப்பே பற்றவைப்பதில்லை.

உங்கள் மரணத்துக்கான காரணத்தை நம் கான்ட்ராக்டர் கண்டுபிடித்துவிட்டார். கண் திருஷ்டியாம். அன்று புயல் காற்றில் எல்லோரும் சாரத்தை விட்டு இறங்கிய பிறகு, "மேல ஒருத்தன் நின்னுகினு கீறான்!" என்று யாரோ கத்த, நீங்கள் ஏறினீர்கள். மேலே நின்றது திருஷ்டி பொம்மை. உள்ளே வைக்கோல், வெளியே உங்கள் பழைய காக்கிச் சட்டை. அதன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தீர்களா, அதற்கு முன்பே சவுக்குக் கம்பு வழுக்கிவிட்டதா? பொம்மை என்று தெரிந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். தெரிந்ததா, அத்தான்?

ஒரு பொம்மை போதவில்லை என்பது கான்ட்ராக்டரின் முடிவு. சேலையூரில் இப்போது கட்டும் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பை இரட்டிப்பாக்கிவிட்டார்: இரண்டு பொம்மைகள். ஒன்றின் தலையில் இரும்புத் தொப்பி. சைட்டில் இருந்த ஒரே தொப்பி அதுதான். சாரம் கட்டப் புதுக் கயிறு கேட்டேன். மழை விடட்டும், பார்க்கலாம் என்றார்.

வானம் கறுத்தால் விசில் ஊதுகிறேன். எல்லோரும் இறங்கியதும் அண்ணாந்து பார்க்கிறேன். அப்போதும் மேலே இரண்டு பேர். ஒவ்வொரு முறையும் விசிலை மறுபடி வாயில் வைப்பேன். அந்த இரண்டைக் கழித்துக் கழித்து ஒருவழியாகப் பழகிக்கொண்டேன். நேற்று அந்தப் பழக்கமே ஆபத்தாகிவிட்டது.

நேற்று மதியம் காற்று திடீரென்று சுழன்றது. விசில் ஊதினேன். மழையில் எதிரில் நிற்பவர் முகமே தெரியவில்லை. மேலே இரண்டு உருவம். கணக்கு சரி என்று ஷெட்டுக்குள் போகத் திரும்பினேன். சித்தாள் முனியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆறுமுகம் எங்க சார்?"

"இங்கேதான் எங்கேயாவது இருப்பான்."

"மேல பாரு சார்!"

"அது பொம்மை, முனியம்மா."

"உன் பொம்மை அந்தாண்ட சேத்துல கெடக்குது. கண்ணு இன்னா பொட்டையா உனக்கு?"

ஒரு பொம்மையைக் காற்று எப்போதோ தள்ளிவிட்டிருந்தது. அது நின்ற இடத்தில் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது கொத்தனார் ஆறுமுகம். கத்திக்கொண்டேதான் இருந்தானாம். காற்றில் கேட்கவில்லை.

ஏறினேன். எப்படி என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதங்கள் எல்லாம் முதல் வரியோடு நின்றுவிட்டன. அவன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கியதும் ஆறுமுகம், "இவ்ளோ நேரம் இன்னா சார் பண்ணிகினு இருந்த?" என்றான்.

உன்னைக் கழித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் பொம்மையை மனிதன் என்று நினைத்து ஏறினீர்கள். நான் மனிதனைப் பொம்மை என்று நினைத்து ஷெட்டுக்குள் போகப் பார்த்தேன். நேற்றிலிருந்து உங்கள் தவறு எனக்குத் தவறாகவே தெரியவில்லை.

இன்று காலை பொம்மைகள் இரண்டையும் ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டேன். இரும்புத் தொப்பி ஆறுமுகத்தின் தலையில் இருக்கிறது. நாளை கான்ட்ராக்டர் வருகிறார். வேலை போனாலும் போகலாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வானொலியில் மறுபடியும் புயல் என்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வாக்கு. நான் இருக்கும் சைட்டில் இனி சாரத்தின் மேல் பொம்மை நிற்காது. மழையில் மேலே எது தெரிந்தாலும் அது ஆள்தான். நடுங்கிக்கொண்டே ஏறுவேன்.

அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலில் நிற்கும்
உங்கள் மனைவியின் தம்பி,
சாமுவேல்